கொலுப்படிக் கோடுகள்

தில்லியில் குடியேறிய நம்மவர் வீடுகளில் நவராத்திரி நெருங்கும்போது எழும் முதற்கேள்வி, படிக்கு என்ன செய்வது என்பதே. ஊரில் பெட்டிகளும் பெஞ்சுகளும் இருந்தன. கூடமும் விசாலமாக இருந்தது. இங்கே இரண்டு அறை வீட்டில், சில நாள் வேண்டிய படியை ஆண்டு முழுவதும் எங்கே வைப்பது? நாமும் நெடுங்காலம் டிரங்குப் பெட்டிகளின் மேல் வேட்டியை விரித்துச் சமாளித்தவர்களே.

டிராப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற நமக்கு 2021 ஆம் ஆண்டில் ஒரு யோசனை தோன்றிற்று. ஆணியும் திருகும் இல்லாமல், பலகையில் வெட்டிய பள்ளங்கள் ஒன்றையொன்று கவ்வி நிற்கும் ஐந்து படிகள்; விழா முடிந்ததும் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். கையால் அறுக்கத் தெம்பு இல்லை. ஆனால் கீர்த்தி நகர் மரச்சாமான் சந்தைப் பக்கம் கணினியின் கட்டளைப்படி பலகை அறுக்கும் சி.என்.சி. ரூட்டர்கள் உண்டு. அவற்றுக்கு நாம் கொடுக்க வேண்டியது பலகையும் ஒரு வெக்டார் கோப்பும்தான்.

அக்கோப்பு புகைப்படம் போன்றதன்று. புகைப்படம் நிறப்புள்ளிகளின் கூட்டம், பெரிதாக்கினால் சிதைந்துவிடும். வெக்டார் படத்திலோ, இன்ன இடத்தில் தொடங்கி, இன்ன வளைவாகச் சென்று, இன்ன இடத்தில் முடிக என்னும் குறிப்பே அடங்கியிருக்கும். புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் இழுக்கும் பெண்மணிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2003 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருளில், 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை இரண்டில் அடங்குமாறு வரைந்து முடித்தோம். டிரேஸிங் தாளில் கோடு பிசகினால் பிளேடால் சுரண்டித் திருத்தலாம். இங்கே நாம் இழுத்த கோட்டின் வழியே நிமிடத்திற்கு 18,000 சுற்றுச் சுழலும் கத்தி நடந்துவிடும்.

இயந்திரம் ஓட்டும் இளைஞர் கோப்பைத் திறந்ததும் சிரித்தார். “பாபுஜி, கத்தி வட்டமானது, உங்கள் மூலைகளோ சதுரமாக இருக்கின்றனவே!” என்றார் இந்தியில். 6 மில்லிமீட்டர் கத்தி எத்தனை முயன்றாலும் உள்மூலையில் 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவை விட்டே செல்லும். அதனுள் சதுர முனையுள்ள பலகை முழுதும் அமராது. மூலைதோறும் கத்தி சற்று அப்பால் சென்று திரும்புமாறு சிறு வட்டம் வைக்க வேண்டும். பள்ளத்தின் வடிவம் எலும்பை ஒத்திருப்பதால் இதை ‘டாக்போன்’ என்பர். முப்பது ஆண்டு வரைந்த கைக்கு அந்த இளைஞர் கற்பித்த பாடம் அது. வீடு திரும்பி எல்லா மூலைகளையும் திருத்தினோம்.

அவ்வாண்டு கொலுவுக்கு வந்தவர்கள் பொம்மைகளைவிடப் படியையே அதிகம் பார்த்தனர். (நம் மனைவியாருக்கு இதில் சிறிது மனத்தாங்கல் உண்டு.) கேட்டவர்க்கெல்லாம் கோப்பை இலவசமாக அனுப்பினோம். அடுத்த வீட்டுக் கோலத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளக் காசு கேட்பாருண்டோ? யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், வரைந்தவர் பெயரை மட்டும் குறிப்பிடுக என்று ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமம் ஒன்றையும் சேர்த்தோம். இத்தகைய உரிமங்கள் 2002 முதல் வழக்கிலிருப்பவை. பெயரை நீக்கிவிட்டு அதை விற்றவரும் ஒருவர் உண்டு. அந்த வருத்தம் ஒரு வாரம் இருந்தது, பிறகு போயிற்று.

போகாத வருத்தம் 2023 இல் வந்தது. புனேயிலிருந்து ஓர் அம்மையார் எழுதியிருந்தார். நம் கோப்பின்படி செய்த படி, கொலுவின் மூன்றாம் நாள் மாலை, குழந்தையொன்று ஓடி வந்து மோதியதும் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய தாயார் பண்ருட்டியில் வாங்கிய களிமண் செட்டியார் பொம்மை நொறுங்கிப் போயிற்று. செட்டிச்சியம்மை மட்டும் தப்பினாள். கடிதத்தில் குற்றம் சாட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. “மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் தச்சர் எங்கேனும் தவறு செய்துவிட்டாரா என்று தயைகூர்ந்து பார்த்துச் சொல்லுங்கள்” என்றே கேட்டிருந்தார்.

பலகையின் கனத்தை வெர்னியரால் அளந்து தெரிவிக்குமாறு வேண்டினோம். 17.3 மில்லிமீட்டர் என்று பதில் வந்தது. கடையில் 18 என்று விற்கும் ஒட்டுப்பலகை உண்மையில் 18 ஆக இருக்க வேண்டுமென்பதில்லை. நாம் வாங்கியது தற்செயலாக அப்படி இருந்தது. பள்ளத்தை 18.2 என்று வரைந்திருந்தோம். ஆகவே அவர் படியில் ஒவ்வொரு பள்ளத்திலும் 0.9 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு பள்ளத்தில் அது பெரிதன்று. ஐந்து படியிலும் சேர்ந்தபோது முழுச் சட்டமும் ஆடியது. தச்சர் நாம் இழுத்த கோட்டைப் பிசகாமல் அறுத்திருந்தார்.

‘இலவசமாகக் கொடுத்ததுதானே’ என்று மனத்தின் ஒரு மூலை வாதாடிற்று. இரண்டு நாள் அதையும் கேட்டோம். மூன்றாம் நாள், தவறு நம்முடையது, தச்சரைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று எழுதி, பலகையின் விலையை அனுப்ப அனுமதி கேட்டோம். பணம் வேண்டாம், வழி சொன்னால் போதும் என்றார். பள்ளங்களின் பக்கங்களில் மெல்லிய வெனீர்ப் பட்டைகளை ஒட்டி இறுக்கவும், பின்புறம் குறுக்காக ஒரு கட்டை கொடுக்கவும் சொன்னோம்.

பிறகு கோப்பைப் புதிதாக வரைந்தோம். முதலில் கழிவுப் பலகையில் அறுத்துப் பார்க்க ஒரு சோதனைத் துண்டு: 17 முதல் 19 வரை 0.2 மில்லிமீட்டர் ஏற்றத்தில் 11 பள்ளங்கள், ஒவ்வொன்றின் அருகிலும் அதன் எண். எது பலகையை இறுகக் கவ்வுகிறதோ அந்த எண்ணுக்குரிய கோப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படியாக ஒரு கோப்பு பன்னிரண்டாயிற்று. ஓரத்தில் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள கோடு ஒன்றும் உண்டு. அதை அளந்து பார்த்தால், கணினி மில்லிமீட்டரை அங்குலமாகக் கொண்டு படத்தை 25.4 மடங்கு பெருக்கிவிட்டதா என்பது அறுக்குமுன் தெரிந்துவிடும். பழைய கோப்பைப் பெற்றவர்களுள் முகவரி கிடைத்தோர் அனைவர்க்கும் தனித்தனியே எழுதினோம். சிலர் பதிலளித்தனர்.

2024 நவராத்திரியில் புனேயிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. படி நேராக நிற்கிறது. கடைசிப் படியில் அரிசியும் பருப்பும் பரப்பிய கடையில் செட்டிச்சியம்மை தனியே அமர்ந்திருக்கிறாள். பக்கத்து இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். நாகபுரியிலுள்ள தம் தங்கைக்கு மூன்று படியில் ஒரு கோப்பு கிடைக்குமா என்று கீழே எழுதியிருந்தார். வரைந்தாகிவிட்டது. நாமே ஒருமுறை அறுத்து நிறுத்திப் பார்க்காமல் அனுப்புவதாக இல்லை. கீர்த்தி நகர் இளைஞர் வியாழக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்.