இரண்டாமிடத்தின் பெருமை

வெற்றி பெற்ற தலைவரை உலகம் அறியும். அவரருகே நின்று அணியை உருவாக்கிய துணைப் பயிற்சியாளரை அறிவோர் சிலரே. அமெரிக்கக் கல்லூரிப் பேஸ்பால் ஆட்டத்தில் ஸ்கிப் பெர்ட்மன் அத்தகைய துணைவராய் விளங்கியவர்.

மயாமிப் பல்கலைக்கழக அணியில் ஆடிய அவர், பின்னர் மயாமி பீச் உயர்நிலைப் பள்ளியில் பல்லாண்டு பயிற்சியளித்தார். 1976இல் தாம் பயின்ற பல்கலைக்கழகத்திற்கே ரான் பிரேசரின் துணைவராய்த் திரும்பினார்.

1982இல் ஓமாகா நகரில் தேசியக் கல்லூரித் தொடர் நடைபெற்றது. விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழக வீரர் பில் ஸ்டீபன்சன், எதிரணி அயர்ந்த கணத்தில் அடுத்த தளத்திற்கு ஓடிவிடுவதில் வல்லவர். அவரை மடக்கப் பெர்ட்மன் தம் மாணவரை முன்னரே பழக்கியிருந்தார். பந்தெறிபவர் முதல் தளத்திற்குப் பந்தை எறிவதுபோல் நடித்தார். பந்தோ அவர் கையிலேயே இருந்தது. தளக்காவலர் பாய்ந்து விழுந்தார். களமிறங்காது காத்திருந்தோரும் பந்து ஓடிவிட்டதாகவே நடித்தனர். அதை நம்பி ஓடிய ஸ்டீபன்சன் இரண்டாம் தளத்தில் ஆட்டமிழந்தார். அவ்வாண்டு மயாமி வாகை சூடியது.

ஆடாதவருக்கும் ஆட்டத்தில் பங்களிப்பதே நல்லாசிரியரின் திறம். 1984 முதல் 2001 வரை லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராய் விளங்கிய பெர்ட்மன், அதற்கு ஐந்து தேசியப் பட்டங்களை ஈட்டித் தந்தார். பள்ளித் திடலிலும் இரண்டாமிடத்திலும் கழிந்த ஆண்டுகள் வீணாகவில்லை. அவையே அவரது தலைமைக்கு உரமாயின.