லடாக் பயணம் – 6: ஹான்லே காக்கும் இருட்டு

லோமா பாலத்துச் சாவடியில் அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு சிந்து நதியைத் தாண்டினால், அப்புறம் மணலும் சரளையும்தான். தூரத்தில் கியாங் என்கிற காட்டுக் கழுதைக் கூட்டம். லடாக் குளிர்ப் பாலைவனம் என்று பள்ளியில் படித்தது இந்தச் சாலையில்தான் உறைத்தது. ஹான்லே 4,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு மாடியேறவே நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

தங்கிய வீட்டு அக்காவை எல்லோரும் ‘அச்சே-லே’ என்று கூப்பிட, நானும் அப்படியே கூப்பிட்டேன். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரை வைத்த கையோடு ஜன்னல்களின் கனத்த திரைகளை இழுத்து மூடினார். “ராத்திரி வண்டியை எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஹெட்லைட்டை டிம்மில் வையுங்கள். மாடியில் போனைத் திறக்கவே கூடாது.” ஹாஸ்டல் வார்டன் தோற்றார்!

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் சரஸ்வதி மலைமேல், 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கிறது: 2 மீட்டர் விட்டமுள்ள ஹிமாலயன் சந்திரா தொலைநோக்கி. அதை பெங்களூரு அருகே ஹொசகோட்டேயில் உட்கார்ந்துகொண்டு செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். நம் காவலூர் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமேதான் இதையும் நடத்துகிறது. சுற்றியுள்ள 1,073 சதுர கிலோமீட்டர் 2022 டிசம்பரில் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காப்பகம் என்றாலே உள்ளே இருக்கும் மக்களை வெளியேற்றுவதுதான் வழக்கம். இங்கே உள்ளூர்க்காரர்கள் 24 பேருக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்து, வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டிச் சம்பாதிக்க வழி செய்திருக்கிறார்கள். இருட்டில் வருமானம் இருப்பதால்தான் இருட்டு நிலைக்கிறது என்பது என் கணிப்பு. அச்சே-லே திரையை இழுத்து மூடுவது வானியல் மேல் உள்ள ஆசையால் மட்டும் என்று சொன்னால் அவரே சிரிப்பார்.

செப்டம்பர் அமாவாசையை ஒட்டி வந்திருந்தோம். எட்டு மணி தாண்டியதும் பால்வீதியின் மையம் தனுசு ராசிப் பக்கம், தென்மேற்கு மலைமேல் சாய்ந்து நின்றது. இங்கே அது எவ்வளவு ஏறினாலும் அடிவானிலிருந்து 28 டிகிரிதான். சென்னையில் 48! நம் தலைக்குமேல் அத்தனை உயரத்தில் நிற்பதைத் தெருவிளக்குகளால் அழித்துவிட்டு, பார்ப்பதற்கு விமானம் ஏறி வருகிறோம். அகத்திய நட்சத்திரம் இங்கே நாலரை டிகிரிக்கு மேல் எழாது, மலை குறுக்கே நின்றால் அதுவும் இல்லை. பதிலுக்குத் துருவ நட்சத்திரம் 33 டிகிரி உயரத்தில் நிற்கிறது.

கேமரா விவரம் கேட்கும் வாசகர்களுக்கு: 14 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200. 500-ஐக் குவியத் தூரத்தால் வகுத்து வருகிற நொடிகள் வரை ஷட்டரைத் திறந்து வைக்கலாம் என்பது பழைய கணக்கு. இந்த லென்ஸுக்கு 35 நொடி வரும். இன்றைய கேமராக்களில் அவ்வளவு நேரம் வைத்தால் பூமி சுழல்வது படத்தில் தெரிந்துவிடும், நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். நான் 15 நொடியைத் தாண்டவில்லை. ஃபோகஸைக் கையால்தான் வைக்க வேண்டும்: லைவ் வியூவில் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை திருக வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் உட்கார்ந்துவிடும். உபரி பேட்டரிகள் என் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் கிடந்தன.

முதல் படத்திலேயே அடிவானம் பச்சையாக வந்தது. தெருவிளக்கும் இல்லை, கேமராக் கோளாறும் இல்லை. பகலில் சூரிய ஒளியிலிருந்து வாங்கிய ஆற்றலை, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்து ஆக்சிஜன் அணுக்கள் இரவில் ஒளியாக விடுகின்றன. கண்ணுக்கு அது நிறமற்ற மங்கல்தான். 2024 மே 10 இரவு, பெரிய சூரியப் புயலின்போது, சிவப்பு நிறத் துருவ ஒளியே இங்குள்ள ஆய்வகக் கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. கேமரா பார்க்கிற நிறத்தை நம்பலாம். இணையத்தில் மிதக்கும் ஊதாப் பால்வீதிகளைப் பார்த்தால் மட்டும் எனக்கு எரிச்சலாக இருக்கும். யாரோ ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளியிருக்கிறார்கள்.

பத்து மணி வாக்கில் பக்கத்துத் திடலில் ஒரு கோஷ்டி, ஊர் மடாலம் படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அதன்மேல் டார்ச் அடித்தது. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். கெடுக்க ஒரு நொடி போதும். அச்சே-லே சால்வையைப் போர்த்திக்கொண்டு நேரே அவர்களிடம் போனார். என்ன பேசினாரோ, டார்ச் அணைந்தது. இருட்டைத் தேடி வரும் எங்களைப் போன்ற படக்காரர்கள்தான் இந்த ஊரில் வெளிச்சத்தால் அதிகம் தொந்தரவு செய்கிறோம்.

நாலு மணிக்குக் கிழக்கே கூம்பாக ஒரு வெளுப்பு எழுந்து மிதுனம் வரை எட்டியது. கோள்களின் பாதையில் மிதக்கும் தூசி சூரிய ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. செப்டம்பர், அக்டோபரில் விடியலுக்கு முன் நன்றாகத் தெரியும். விடிந்துவிட்டது என்று எண்ணி அந்தக் கோஷ்டி மூட்டை கட்டியது. நான் லென்ஸைக் கிழக்கே திருப்பினேன்.

அடுத்த வாரம், உம்லிங் லா.