தந்திக் கம்பத்தின் மிச்சங்கள்: சில குறிப்புகள்

இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்துக் காயலான் கடைகளில் ஆலைக் கழிவுதான் குவிகிறது. அதற்கு நடுவே எப்போதாவது பழைய தந்திக் கம்பத்தின் வெள்ளைப் பீங்கான் இன்சுலேட்டர் ஒன்று தலைகாட்டும். கடைக்காரருக்கு அதில் உள்ள இரும்பு ஆணிக்குத்தான் விலை. எனக்கு அந்தப் பீங்கான்தான் வேண்டும்.

*

கவிழ்த்த கிண்ணம் போன்ற வடிவம். உள்ளே இன்னொரு விளிம்பு. மழையில் வெளிப்புறம் நனைந்தால் ஈரத்தின் வழியே மின்சாரம் கம்பத்துக்குக் கசியும். உள்விளிம்பு நனையாது, கசிவு கடக்க வேண்டிய தூரமும் கூடும். இந்தியாவின் முதல் தந்தித் தடம் 1851-இல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்குப் போனது; 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றது. கம்பத்துக்கும் கம்பிக்கும் நடுவில் காவல் இருந்தது இந்தக் கிண்ணம்தான்.

*

கண்ணாடி இன்சுலேட்டருக்குப் பேர்போன நாடு அமெரிக்கா. முதலில் மரமுளை மேல் வெறுமனே செருகினார்கள். கம்பி இழுத்தால் கழன்று வந்துவிடும். 1865-இல் லூயி கோவே உட்புறத் திருகுமரைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் ஹெமிங்ரே போன்ற ஆலைகள் அதே முறையில் கோடிக்கணக்கில் வார்த்தன. திருகுமரை இல்லாதவை அரிது; சேகரிப்போர் அவற்றைத்தான் தேடி அலைகிறார்கள்.

*

இந்தக் கண்ணாடி இன்சுலேட்டர்களின் நீலப்பச்சை நிறம் மணலில் உள்ள இரும்பால் வருவது. ஸ்ரீபெரும்புதூரில் இன்று தயாராகும் சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் ஓரத்தில் பாருங்கள், அதே பச்சை தெரியும். மாங்கனீசு கலந்த பழைய கண்ணாடி வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்றால் ஊதாவாகும். கதிர்வீச்சால் ஒரே நாளில் ஊதாவாக்கியும் விற்கிறார்கள். நிறத்துக்காக மட்டும் அதிக விலை கொடுக்கக் கூடாது.

*

இருங்காட்டுக்கோட்டையைக் கடக்கும் நெடுஞ்சாலை பெங்களூருக்குப் போகிறது. அங்கே மைசூர் அரசு தொடங்கிய பீங்கான் ஆலை பிற்பாடு பெல் (BHEL) நிறுவனத்தின் மின்பீங்கான் பிரிவானது. கண்ணாடிக்கு அமெரிக்காவில் கிடைக்கும் மரியாதையை நம் பீங்கானுக்கு நாம்தான் தர வேண்டும்.

*

ரயில்பாதை ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் கம்பத்திலிருந்து இன்சுலேட்டரைக் கழற்றவே கூடாது. கேட்பாரற்றுக் கிடந்தாலும் அது ரயில்வே சொத்து; உரிய வழியில் வராமல் கையில் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏலத்தில் போனதை வாங்க வேண்டும், ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

*

வாங்கியதும் எழுத வேண்டியவை: எந்தத் தடம், எந்த ஊர், யார் கழற்றியது, மேலே என்ன முத்திரை. முத்திரை தேய்ந்திருந்தால் பென்சிலால் தாளில் உரசி எடுக்கலாம். ஊர்ப்பெயர் போய்விட்டால் எஞ்சுவது வெறும் பீங்கான். அதனால் கழுவுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்.