பெயர் தெரியாத கேட் அண்ணாவுக்கு

கேட் அண்ணா,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நாலு வருஷத்தில் உங்களை இருநூறு முறையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் மூன்று நொடி. கையில் பச்சைக் கொடி, காக்கிச் சட்டை, பின்னால் அந்த சிமென்ட் பெஞ்ச். அதற்குள் எஞ்சின் தாண்டிவிடும். என் அம்மா உங்களை ‘மிலிட்டரிக்காரர்’ என்பாள். என் மகளுக்கு நீங்கள் ‘கேட் தாத்தா’. தாத்தா என்று கூப்பிடுகிற வயசு உங்களுக்கு இல்லை என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. நான் அண்ணா என்றே எழுதுகிறேன்.

திருப்பத்தூரைத் தாண்டி இருந்த அந்த கேட்டை மூடிச் சுரங்கப்பாதை போட்டாயிற்று. ஒப்பந்தத்தில் இருந்த நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று, கேட்ட இடத்தில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தபாலில் போடவேண்டியதைப் பத்திரிகையில் போடுவதற்கு அதுதான் காரணம்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஜோலார்பேட்டையிலிருந்து கூட்ஸ் வண்டி ஓட்டுகிற லோகோ பைலட். எக்ஸ்பிரஸ் ஓட்டுகிறவருக்கு ‘லிங்க்’ உண்டு. எந்தத் தேதியில் எந்த வண்டி, எப்போது வீடு என்று அவர் மனைவியால் சொல்ல முடியும். கூட்ஸுக்கு டைம் டேபிள் கிடையாது. சரக்கு ஏறினால் வண்டி, வழி கிடைத்தால் ஓட்டம். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அழைப்பு வரும். அந்தக் காலத்தில் ‘கால் பாய்’ சைக்கிளில் புத்தகத்தோடு வந்து கதவைத் தட்டுவாராம், இப்போது போன். குளித்து, சாப்பாடு கட்டிக்கொண்டு, டியூட்டி ஏற்கிற இடமான லாபிக்குப் போய், மூச்சுக் கருவியில் ஊதிக்காட்டி, சைன் ஆன். ஈரோட்டில் வண்டியை ஒப்படைத்தால் ரன்னிங் ரூமில் எட்டு மணி நேர ஓய்வு, பிறகு எது கிடைக்கிறதோ அதில் திரும்பல். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்து வந்தால் சொந்த ஊரில் 16 மணி நேரம். மாதத்துக்கு 30 மணி நேர ஓய்வு நான்கு, இல்லையென்றால் 22 மணி நேர ஓய்வு ஐந்து. இந்தக் கணக்கில் ஞாயிறு, பொங்கல், பிறந்தநாள் என்று எதுவும் தனியாக இல்லை.

மகள் பிறந்தபோது தந்தைக்கான விடுப்பு 15 நாள் எடுத்தேன். பதினாறாவது நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கால். ரயில்வேயில் வேலை பார்க்கும் அம்மாக்களுக்கும், தனியாளாகப் பிள்ளை வளர்க்கும் அப்பாக்களுக்கும் குழந்தை பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாள் இருக்கிறது. நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. என் மனைவிக்கு ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. காலை ஏழரைக்கு கம்பெனி பஸ் ஏறினால் திரும்ப இருட்டிவிடும். வீட்டில் மிச்சம் இருந்தது அம்மாதான்.

வேறு வழியே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். லாபியில் உட்கார்ந்து ஆள் போடுகிற வேலைக்கு ஒருமுறை வாய்ப்பு வந்தது. தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் ஓடுகிற கிலோமீட்டருக்கு வருகிற அலவன்ஸ் போய்விடும். நானும் மனைவியும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வீட்டுக்கடன் தவணையை எழுதிக் கழித்துப் பார்த்தோம். தாளை மடித்து வைத்துவிட்டு மறுநாள் நான் வண்டிக்குப் போனேன். அது நாங்கள் எடுத்த முடிவு. சம்பளத்தின் மேலோ ரயில்வேயின் மேலோ பழியைப் போட்டு நல்லபிள்ளை ஆகிவிட விருப்பமில்லை.

மகளுக்கு நாலு வயசானபோது ஒரு சாயங்காலம் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு உங்கள் கேட்டுக்கு வந்திருக்கிறாள். அழுகையை நிறுத்த வேறு வழி தெரியாமல் வந்தது. ‘கிளம்பப்போறேன்மா’ என்று நான் லாபியிலிருந்து சொன்னதோடு சரி, வண்டி ஏறினால் போனை அணைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நான் அரை மணியிலும் அந்த இடத்தைத் தாண்டலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். நீங்கள் கேபினில் போனை எடுத்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் விசாரித்துவிட்டு, ‘அடுத்து வர்றது மெயிலு. அதுக்கடுத்தது கூட்ஸு. உக்காருங்கம்மா’ என்றீர்களாம்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நல்லவேளை, போகும்போது கேட் என் பக்கம், இடது கைப் பக்கம். கேட் கீப்பரோடு கை காட்டிச் சரிபார்த்துக்கொள்வது எங்களுக்கு விதி. அந்தக் கையில் என் மகளுக்கும் பங்கு கிடைத்தது. திரும்பி வருகையில் கேட், எஞ்சினில் என்னோடு வருகிற அசிஸ்டென்ட் பைலட் பக்கம் போய்விடும். அந்தப் பையன் எனக்கும் சேர்த்துக் கை காட்டுவான். ஒருநாள் அவள் உங்கள் கொடியைக் கேட்டு அடம் பிடித்தாளாமே. ‘இது விளையாட்டுச் சாமான் இல்ல பாப்பா’ என்று நீங்கள் தரவில்லை. தந்திருந்தால் உங்கள் மேல் எனக்கு இத்தனை மரியாதை வந்திருக்காது. அவள் தலையிலிருந்து ஸ்கூல் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டாள். அதுவும் பச்சைதான். கீழ்வரிசை கம்பிக்குப் பின்னால் ஒரு பின்னல் அவிழ்ந்த நிலையில் அவள் ரிப்பனை ஆட்டிக்கொண்டு நின்றது, 58 வேகன் நிலக்கரியோடு போய்க்கொண்டிருந்த எனக்கு ஹெட்லைட் வெளிச்சத்தில் தெரிந்தது. அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. அடுத்த சிக்னலைச் சத்தமாகச் சொல்லவேண்டியிருந்தது, சொன்னேன்.

ஒன்றாம் வகுப்பில் அவளுடைய டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு விட்டார். பாப்பா 37ஐ ‘மூணு ஏழு’ என்று படிக்கிறாளாம், 52ஐ ‘அஞ்சு ரெண்டு’ என்கிறாளாம். எங்கே கற்றாள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. கேட் மூடும்போது நீங்களும் ஸ்டேஷன் மாஸ்டரும் போனில் மாற்றிக்கொள்கிற பிரைவேட் நம்பர்! இரண்டிலக்கத்தைப் பிரித்துப் பிரித்துத்தானே சொல்வீர்கள். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு எண்களே அப்படித்தான் என்று ஆகிவிட்டது. ‘முப்பத்தேழு’க்கு மாற இரண்டு மாசம் பிடித்தது.

எஞ்சினில் ஒரு பெடல் உண்டு. ஒரு நிமிஷம் எதையும் தொடாமல் இருந்துவிட்டால் விளக்கு மின்னும், அப்புறம் பஸர் கத்தும், அதற்கும் அசையாவிட்டால் தானாகவே பிரேக் பிடித்துவிடும். ஓட்டுகிறவன் முழித்திருக்கிறானா என்று எஞ்சின் கேட்டுக்கொண்டே இருக்கிற ஏற்பாடு. இதையும் நீங்கள்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ராத்திரி வண்டி முடித்துவந்து, அவள் ஸ்கூல் கதை சொல்லும்போது ‘ம்’ கொட்டிக்கொண்டே நான் கண் சொருகினால், தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. ‘அப்பா, பெடல்!’ நாலு வருஷத்துத் தழும்பு இருக்கிறது.

ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது இதற்கெல்லாம் இல்லை அண்ணா. போன வருஷம் ஆண்டு விழாவில் அவள் டான்ஸ் ஆடினாள். பத்து நாள் முன்னதாகவே லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். ஆள் இல்லை, கிடைக்கவில்லை. சேலம் தாண்டி ஒரு லூப்பில், பக்கத்துப் பாதையில், வண்டியை நிறுத்திப்போட்டு உட்கார்ந்திருந்தேன். ‘உங்க அப்பா வரலையா?’ என்று யாரோ கேட்டதற்கு அவள், ‘அப்பாவுக்கு சிவப்பு போட்டுட்டாங்க’ என்றாளாம். கேட்டவருக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவி போனில் சொன்னபோது எனக்கும் முதலில் புரியவில்லை. அம்மாதான் விளக்கினாள். நான் வர மணிக்கணக்கில் ஆகிற நாட்களில், பெஞ்சிலேயே தூங்கி விழுகிற பிள்ளையிடம் நீங்கள் சொல்வீர்களாமே: ‘உங்கப்பா அங்க நிக்கிறாரு பாப்பா. சிவப்பு போட்டிருக்காங்க. சிவப்பு போட்டா அவரால வர முடியாது. வரவும் கூடாது. பச்சை விழுந்ததும் நேரா இங்கதான் வருவாரு.’

இந்த வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் சாக்காகத்தான் இருந்திருக்கும். அப்பா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைப் பிள்ளைகள் அவ்வளவாக நம்புவதில்லை, நம்பவும் வேண்டியதில்லை. மூன்றாவது மனிதர் ஒருவர், என்னோடு ஒரு வார்த்தை பேசியிராதவர், நான் இல்லாத நேரத்தில் என்னை அவளுக்கு விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார். வீட்டில் நான் இருந்த மணி நேரங்களைக் கூட்டினால் அவள் என்னை இவ்வளவு தெரிந்துவைத்திருக்க நியாயமே இல்லை.

‘குவாலிட்டி டைம்’ என்று ஒன்று சொல்கிறார்கள். கிடைக்கிற ஒரு மணி நேரத்தையும் பொன்னாகச் செலவழிக்க வேண்டுமாம். நானும் செய்து பார்த்தேன். ஓய்வு கிடைத்த அன்றைக்கெல்லாம் ஏலகிரி, ஐஸ்கிரீம், படகு. அவளுக்குக் காய்ச்சல் வந்ததுதான் மிச்சம். பிள்ளைகளுக்கு வேண்டியது சும்மா இருக்கிற நேரம்; ஒன்றும் நடக்காமல் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிற நேரம். அதைக் கொடுக்க என்னிடம் இருப்பு இல்லை. நீங்களும் அம்மாவும் அந்த பெஞ்சில் கொடுத்தீர்கள்.

நீங்கள் ஏன் செய்தீர்கள் என்பதையும் அம்மா சொல்லித்தான் தெரியும். பட்டாளத்தில் எல்லையில் இருந்தபோது உங்கள் மகன் பிறந்தானாம். பதினோரு மாசம் கழித்து வந்து தூக்கினால் வீறிட்டு அழுதானாம். ‘அவன்கிட்ட என்னைப் பத்தி யாரும் பேசலை போலிருக்கும்மா’ என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்களாம். அம்மா இதை எனக்குச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

ஒருமுறை உங்களைப் பார்க்க வந்தேன். பிஸ்கெட்டும் கால் கிலோ காராபூந்தியும் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்தேன். மாற்று ஆள் இருந்தார். உங்களுக்கு நைட் டியூட்டி என்றார். காராபூந்தியை அவரிடம் கொடுத்தேன். உங்களுக்கு வந்து சேர்ந்ததா என்று தெரியாது. அடுத்த ஓய்வில் வரலாம் என்று இருந்தேன். அடுத்த ஓய்வில் தூங்கினேன். அதற்கடுத்ததிலும். இதுதான் எனக்கு உறுத்துகிறது.

சுரங்கப்பாதை நல்லதுதான். ஆம்புலன்ஸ் காத்திருக்க வேண்டாம். மூடின கேட்டுக்கு அடியில் பைக்கைச் சாய்த்து நுழைக்கிறவர்களும் இனி இல்லை. அகலப்பாதையில் ஆளில்லா கேட்கள் 2019 ஜனவரியோடு தீர்ந்தன. இப்போது ஆள் இருக்கிறவையும் ஒவ்வொன்றாகப் போகின்றன. பிரேக் போட்டாலும் உடனே நிற்காத வண்டியை ஓட்டுகிற எனக்குத்தான் அதில் முதல் நிம்மதி. கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் இருந்த விசில் போர்டையும் பிடுங்கிவிட்டார்கள். அங்கே ஹாரன் அடிக்க எனக்கு இனி விதி இல்லை. சம்பிரதாயத்துக்குக்கூட அடிப்பதில்லை, பக்கத்து வீடுகளில் நைட் டியூட்டி முடித்துத் தூங்குகிறவர்கள் இருப்பார்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்னாள் ராணுவத்தார், கேட்டில் வேலை பார்த்தவர், எண்ணை எப்போதும் பிரித்துச் சொல்கிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைக் காட்டுங்கள். பாப்பா மூன்றாவது படிக்கிறாள், ஒரு பச்சை ரிப்பனைப் பென்சில் பெட்டியில் வைத்திருக்கிறாள், வீடு அதே வீடுதான் என்று சொல்லுங்கள். எந்த நாள் வந்தாலும் சரி. நான் இருப்பேனா என்று சொல்ல முடியாது, அம்மா இருப்பாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா