தகப்பனாரின் யாத்திரை

காசிக்குப் போகவேண்டும் என்று என் தகப்பனார் சொல்லாத வருஷம் கிடையாது. போகாமலே கண்ணை மூடினார். அவர் விட்டுச் சென்ற மோட்டார் சைக்கிளிலேயே வரும் மாசி மாதம் நான் புறப்பட உத்தேசித்திருக்கிறேன்.

முறைப்படி இந்த யாத்திரை இராமேசுவரத்தில் தொடங்குகிறது. சேது மணலை எடுத்துச் சென்று பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, கங்கை நீர் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் பூர்த்தி. பாரத நாடு ஒன்றென்பதைத் தேசப்படம் இல்லாமலே நம் முன்னோர் கற்பித்த பாடம் இது.

மதுரை, சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர் வழியாகப் பிரயாகை, அப்பால் காசி. ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 300 வீதம் எட்டு நாள். மார்கழி, தையில் வடக்கே மூடுபனி. சித்திரை, வைகாசியில் அனல். ஆகவேதான் மாசி. மாற்று டியூப், கிளட்ச் கம்பி, ஸ்பார்க் பிளக் எல்லாம் சேகரித்தாயிற்று.

"ரயில் இருக்கும்போது இது என்னத்துக்கடா?" என்றார் தாயார்.

தகப்பனார் ரயிலுக்கென்று சேர்த்த பணம் என் காலேஜ் சம்பளமாகப் போனது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் தினமும் ஏறிய வண்டியாவது கங்கைக் கரையைக் காணட்டும் என்றேன்.

தாயார் பதில் பேசவில்லை. மறுநாள் காலையில், புளியிட்டுத் துலக்கிய சிறு பித்தளைச் செம்பு ஒன்று வண்டியின் ஆசனத்தின்மேல் இருந்தது.