சோம்பலின் பூர்வீகம்

சென்ற ஐப்பசி மாதத்து மழை இரவொன்றில், என் மேஜைக் கணினி விழித்தெழும்போது லினக்ஸ் கெர்னல் மளமளவென்று உதிர்க்கும் செய்திகளை வேறெதையோ தேடி வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்த நான், ஐ.ஓ.எம்.எம்.யூ. என்னும் காவலனைப் பற்றிய வரியில் 'லேஸி மோடு', அதாவது சோம்பல் முறை, என்றிருக்கக் கண்டு திகைத்தேன். காவலுக்கு நின்றவன் தன்னைச் சோம்பேறியென்று தானே பறைசாற்றும் விசித்திரத்தை நான் எங்கும் கண்டதில்லை. அப்படி இருக்கும்படி நான் அவனைப் பணிக்கவுமில்லை. பணித்தவர் யார், பணித்தது எக்காலம் என்று அறியும் ஆவல் அன்றே பிறந்தது.

நெட்வொர்க் கார்டு முதலிய சாதனங்கள், பிராஸஸரின் தயவை எதிர்பாராமல், நினைவகத்தில் நேரே எழுதவும் படிக்கவும் வல்லவை, இதையே டி.எம்.ஏ. என்பர். எந்தச் சாதனம் எந்தப் பக்கத்தைத் தொடலாம் என்று நிர்ணயிப்பது ஐ.ஓ.எம்.எம்.யூ. காரியம் முடிந்ததும் அனுமதி ரத்தாகிறது. ஆனால் விரைவின் பொருட்டு அக்காவலன் தனியே குறித்து வைத்திருக்கும் பழைய அனுமதி, அழிக்கச் சொல்லும் வரை அழிவதில்லை. ஒவ்வொரு முறையும் உடனுக்குடன் அழிப்பது கண்டிப்பு முறை. ரத்தானவற்றை 256 இடங்கள் கொண்ட வரிசையில் சேர்த்து, அது நிரம்பியதும், அல்லது 10 மில்லிவினாடி கழிந்ததும், மொத்தமாகத் துடைப்பது சோம்பல் முறை. அந்த இடைவெளியில் அப்பக்கம் வேறொரு புரோகிராமின் கைக்குப் போயிருக்கலாம். புதுக் குடித்தனம் வந்த பிறகும் பழையவர் கையில் சாவி இருப்பது போல, சாதனம் அதைத் தொட இடமுண்டு.

கெர்னலின் ஒவ்வொரு வரியையும் எழுதியவர் யாரென்று காட்டும் கருவிக்குப் 'பழி' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் மனித சுபாவத்தை அறிந்தவர். அதன் துணையோடு பின்னோக்கி நடந்தேன். 2021 அக்டோபரில் வெளிவந்த 5.15ஆம் பதிப்பு முதல், கெர்னலைத் தொகுக்கும்போதே கண்டிப்பு, சோம்பல், காவலின்றி நேர்வழி என்ற மூன்றில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம். பொறுக்காதவருக்கு, இன்டெல், ஏ.எம்.டி. காவலர்களாயின் சோம்பலும், ஏ.ஆர்.எம். காவலனாயின் கண்டிப்பும் வாய்க்கும். இப்பேதத்துக்குள் ஏதோ ஆழ்ந்த தத்துவம் இருக்குமென்று நம்பிச் சென்ற எனக்குக் கிடைத்தது ஏமாற்றமே: அவரவர் பரம்பரை வழக்கம் எதுவோ அதையே கலைக்காமல் எழுதி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஏ.ஆர்.எம். ஆதியிலேயே கண்டிப்பானது, கேட்டால் தளர்த்தலாம் என்ற சலுகையே 2018 டிசம்பரில், 4.20ஆம் பதிப்பில்தான் வந்தது.

ஆகவே சோம்பலின் ஊற்றுக்கண்ணைத் தேடி 2008ஆம் ஆண்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஜனவரியில் 2.6.24ஆம் பதிப்போடு வந்த இன்டெல் டிரைவர், முதலில் கண்டிப்பாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு துடைப்பு என்பது பிராஸஸரை வாட்டவே, சில மாதங்களுக்குள் ரத்தான அனுமதிகள் 250 சேரும்வரை, அல்லது 10 மில்லிவினாடி வரை, பொறுத்திருக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. இப்பாரம் எதிர்பாராததன்று, முந்திய ஆண்டே ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் வாசிக்கப்பட்ட ஓர் ஆய்வுரை, 'பாதுகாப்பின் விலை' என்ற பொருள்படும் தலைப்பில், இதையே அளந்து காட்டியிருந்தது. ஏ.எம்.டி. டிரைவரும் 2008லேயே வந்து, பழைய முகவரியை மறுபடி வழங்கும் முன் துடைத்தால் போதுமென்று அமைந்தது.

இந்த டிரைவர்களை எழுதியவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. சாதனமென்றால் பெட்டிக்குள் திருகி வைத்த பண்டம் என்று பெரும்பாலோர் எண்ணிய காலம் அது. அது பிழை செய்யலாம், வஞ்சனை செய்யுமென்று அஞ்சியவர் சிலரே. 2019இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்களும் அவர்தம் கூட்டாளிகளும், தண்டர்போல்ட் துளையில் செருகிய போலிச் சாதனம் ஒன்றால் நினைவகத்தைக் களவாட முடியுமென்று, 'தண்டர்கிளாப்' என்ற பெயரில் காட்டிய பின்பே அவ்வச்சம் பொதுவாயிற்று. இப்போது வெளித்துளை வழியே வரும் அந்நியச் சாதனங்களிடம் மட்டும், மற்றவற்றுக்குச் சோம்பல் விதித்திருந்தாலும், கெர்னல் கண்டிப்பையே காட்டுகிறது.

ஏ.எம்.டி. டிரைவருக்குக் கண்டிப்பு வேண்டுவோர் அந்நாளில் எழுத வேண்டிய சொல் 'ஃபுல்ஃபிளஷ்'. அதையே, பழமையின் மேலுள்ள ஆசையால், என் கணினியின் துவக்க வரியில் சேர்த்து மறுபடி எழுப்பினேன். கெர்னல் கீழ்ப்படிந்தது, ஆனால் அச்சொல் வழக்கொழிந்ததென்றும், இனி 'ஸ்ட்ரிக்ட்' என்றே எழுத வேண்டுமென்றும் ஒரு வரி கடிந்துகொண்டது.