வேலியில் போனது, மடியில் வந்தது!

'வேலியிலே போகிற ஓணானைப் பிடித்து மடியிலே கட்டிக்கொண்டு குத்துதே, குடையுதே என்றானாம்' என்று ஒரு பழமொழி உண்டு. சொன்ன புண்ணியவான் யாரோ, அவருக்கு என் வீட்டு விலாசம் தெரிந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டே இரண்டு திருத்தம். என் கேஸில் அது ஓணான் இல்லை, பச்சோந்தி. மடியில் கட்டியது நான் இல்லை, என் சீமந்த புத்திரன். நாலாங் கிளாஸ்.

குடும்பத்தோடு நான் இருப்பது விழுப்புரத்தில், வாடகை வீட்டில். சொந்த ஊர் செஞ்சிப் பக்கம் அனந்தபுரம். செஞ்சிக் கோட்டையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருவார்கள். பனைமலையில் பல்லவர் கட்டிய கோயிலைப் பார்க்கவும் சிலர் வருவார்கள். அனந்தபுரத்துக்கு அனந்தபுரத்துக்காரன்தான் வருவான். அதுவும் நிலத் தகராறு, கல்யாணம், காதுகுத்து என்று ஏதாவது இருந்தால்தான்.

நாங்கள் போன சனிக்கிழமை நிலத்து விஷயம். அப்பா விட்டுப்போன அரை ஏக்கர். ஒரு காலத்தில் மல்லாட்டை போட்ட இடம். இப்போது வருஷம் முழுக்கச் சும்மா கிடக்கிறது. "காம்பவுண்டு போட்டாத்தான்டா மனைக்கு மதிப்பு" என்றார் அண்ணன். நானும் பி.காம். படித்தவனாயிற்றே, மதிப்பு கூடும் என்று யாராவது சொன்னால் உடனே தலை ஆட்டிவிடுவேன்.

சுற்றிலும் அப்பா காலத்து வேலி. நொச்சி, காட்டாமணக்கு, இரண்டு கொடுக்காப்புளி, மேலே கோவைக்கொடி, வேலிப்பருத்தி என்று பின்னிக் கிடக்கும். அது வளர நாற்பது வருஷம் ஆயிற்று. காலை பத்து மணிக்கு வந்த ஜே.சி.பி., பகல் பன்னிரண்டுக்கெல்லாம் மூன்று பக்கத்தை வழித்துப் போட்டுவிட்டது. நாலாவது பக்கம் ஆரம்பிக்கும்போது டிரைவருக்குப் பசி. "மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்ணா" என்று போய்விட்டார். அந்தப் பசிதான் இந்தக் கதைக்கே காரணம்.

சாயங்காலம் பையன் என் துண்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். முகத்தில் ஒரு மாதிரியான பெருமை. துண்டைப் பிரித்தான்.

முதலில் ஒரு கண் என்னைப் பார்த்தது. இன்னொரு கண் என் அண்ணனைப் பார்த்தது. ஒரே நேரத்தில்! ஆபீஸில் இப்படி ஒரு கண் ஃபைலிலும் இன்னொரு கண் கடிகாரத்திலும் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இதற்கு நிஜமாகவே இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும்.

"அடேய்! அது கடிச்சா வெஷம்டா! கீழ வுடுடா!" என்று அம்மா திண்ணையிலிருந்து அலறினாள்.

"இல்ல ஆயா, சாரு சொல்லியிருக்காரு. இதுக்கு வெஷமே கெடயாது" என்றான்.

பையன் சொன்னது சரிதான். ஆனால் ஆயாக்கள் சொன்னதை நம்பி எத்தனை பச்சோந்தி கல்லடி பட்டுச் செத்திருக்கும் என்பதற்கு எந்த லெட்ஜரிலும் கணக்கு இல்லை. என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இவன் வயதில் நான் ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்தவன். தாத்தாவின் மூக்குப்பொடியை அதன் வாயில் திணித்து, அது கிறுகிறுவென்று ஆடுவதைப் பார்த்துக் கைதட்டியவன். 'ராமருக்குத் தாகம் எடுத்தப்ப அணில் எளநீ குடுத்துச்சு, ஓணான் மூத்திரம் குடுத்துச்சு' என்று கதை சொல்லி, அதற்குத் தண்டனையாக அடித்தவர்கள் நாங்கள். ராமர் எங்களிடம் எந்தப் புகாரும் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

ஆகவே என் பையன் அதை அடிக்காமல் துண்டில் சுற்றிக்கொண்டு வந்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

"தலைவர்னு பேரு வெச்சிடு. கலர் மாறுதில்ல" என்றார் அண்ணன். கட்சி மாறுபவர்களைப் பிடிக்க 1985-லேயே சட்டம் கொண்டுவந்தார்கள். இருந்தும் 'பச்சோந்தி' என்ற பட்டம் இன்னும் காலியாகவில்லை. நியாயமாகப் பார்த்தால் பச்சோந்திதான் மானநஷ்ட வழக்குப் போட வேண்டும். ஏனென்றால் அது இருக்கும் இடத்துக்குத் தகுந்தாற்போல் நிறம் மாறுவதாக நாம் நினைப்பது பெரும்பாலும் தப்பு. வெயில், குளிர், பயம், கோபம், காதல் – இதைப் பொறுத்துத்தான் மாறுகிறது. தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் இருக்கின்றன, அவற்றின் இடைவெளி மாறும்போது நிறமும் மாறுகிறது என்று 2015-ல் ஜெனிவா விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது மடகாஸ்கர் பச்சோந்தியை. அதாவது அது மனசில் இருப்பதை மறைக்கத் தெரியாமல் மேலே எழுதிக் காட்டுகிற ஜீவன். எந்தத் தலைவர் இப்படிச் செய்கிறார்?

"அப்பா, இது வீட்ட நாமதான இடிச்சோம்? நாமளே ஒரு வீடு கட்டிக் குடுத்துடலாம்பா" என்றான் பையன்.

நான் வாயை மூடிக்கொண்டேன். நியாயமான நஷ்ட ஈட்டுக் கோரிக்கை.

முதல் வீடாக, பரணில் கிடந்த பழைய மீன் தொட்டியை எடுத்தோம். உள்ளே விட்டதும் தலைவர் கண்ணாடியில் இன்னொரு தலைவரைப் பார்த்தார். உடம்பை ஊதிக்கொண்டு வாயைப் பிளந்து சீறினார். நிறம் கறுத்தது.

சென்னையில் என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன், ஏமன் நாட்டுப் பச்சோந்தி ஒன்றை முறைப்படி பதிவு செய்து வளர்க்கிறான். போன் போட்டேன். "கண்ணாடித் தொட்டியா? மொதல்ல வெளிய எடுடா!" என்று கத்தினான். பிறகு அரை மணி நேரம் பாடம் நடத்தினான்.

பச்சோந்திக்கு வீடு என்றால் அகலத்தைவிட உயரம் முக்கியமாம். நாலு பக்கமும் வலை, காற்று தாராளமாகப் போய்வர வேண்டும். உள்ளே உயிருள்ள செடி வேண்டும், செம்பருத்தி என்றால் உத்தமம். கால் விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி, சமையலறை இடுக்கி மாதிரி இருப்பதால், பிடித்துக்கொள்ள விதவிதமான பருமனில் குச்சிகள் வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. இலையில் பனித்துளி மாதிரி சொட்ட வேண்டும், அதை நக்கித்தான் குடிக்கும். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல், ராத்திரியில் குளிர்ச்சி. வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் கிடைக்காவிட்டால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் ஒட்டாது. எலும்பு வளைந்து, கிளையைக்கூடப் பிடிக்க முடியாமல் போய்விடும். அதற்குத் தனி டியூப் லைட். அது எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துபோகும் என்பதால் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சாப்பாட்டுக்கு உயிரோடு பூச்சி. அந்தப் பூச்சிக்கும் முதலில் நல்ல சாப்பாடு போட்டு, மேலே சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவ வேண்டும்.

"பூச்சிக்குமா சாப்பாடு?"

"ஆமாம். அப்புறம், ஒரு கூண்டுல ஒண்ணுதான். ரெண்டு வெச்சா சண்டை. தூக்கிக் கொஞ்சக் கூடாது. அதுக்குப் புடிக்காது."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வலைக் கூண்டு, விளக்கு, தண்ணீர் சொட்டும் கருவி, பூச்சி, பூச்சிக்குச் சாப்பாடு. என் ஒரு மாதக் கட்டுரைச் சன்மானத்தை அது விழுங்கி, நாக்கை நீட்டி அடுத்த மாதத்தையும் எட்டியது. நாக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. பச்சோந்தியின் நாக்கு அதன் உடம்பைவிட நீளம். கண் இமைக்கும் நேரத்தில் பாய்ந்து பூச்சியோடு திரும்பிவிடும்.

என் தர்மபத்தினி கணக்கை எட்டிப் பார்த்தாள். "ஏங்க, வாடகை வீட்ல சமையல்கட்டுக்கு ஒரு ஜன்னல் வெக்கச் சொல்லி மூணு வருஷமாக் கேக்கறேன். பச்சோந்திக்கு ஒரே ராத்திரியில காத்தோட்டமா?"

பதில் இல்லாத கேள்விகளை நான் ஒத்திவைப்பது வழக்கம். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை நிமிர்த்தி, நாலு பக்கமும் வெட்டி, பழைய கொசுவலையைச் சுற்றினேன். உள்ளே செம்பருத்திக் கிளைகளைக் குடத்தில் நட்டோம். பையன் இலைகள் மேல் தண்ணீர் தெளித்தான். வயலிலிருந்து வெட்டுக்கிளிகள் பிடித்து வந்து விட்டான். எல்லாம் பிரமாதம். தலைவர் மட்டும் சாப்பிடவில்லை.

ராத்திரி விழுப்புரத்தில் வன இலாகாவில் வேலை பார்க்கும் இன்னொரு நண்பனிடம் பெருமையாகச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"டேய், உனக்கு அறிவிருக்கா? நம்ம ஊர் பச்சோந்தி 1972 வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட பிராணி. புடிக்கறது, வளக்கறது, விக்கறது எல்லாமே குத்தம். ஜெயிலுக்குக்கூட அனுப்பலாம். காலையில விடிஞ்சதும் எடுத்த எடத்துலயே வுட்டுடு. வேற எங்கயாவது கொண்டுபோய் வுடாத. எடுத்த எடத்துலயே!"

"வெளிநாட்டுப் பச்சோந்தி வெச்சிருக்கானே ஒருத்தன்?"

"அதுக்கும் இப்ப பதிவு, பேப்பர் எல்லாம் உண்டு. உன்னுது வேலியில புடிச்சது. அதுக்குப் பேப்பரே கெடயாது."

போனை வைத்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டியைப் பார்க்கப் போனேன். தலைவர் கிளையில் வாலைச் சுருட்டிப் படுத்திருந்தார். தூங்கும்போது நிறம் வெளிறிப்போய்விடும். சாம்பல் பூத்த மாதிரி கிடந்தார். உலகத்தில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் இருக்கின்றன. கிட்டத்தட்டப் பாதி மடகாஸ்கரில். இந்தியா முழுவதுக்கும் இருப்பது ஒரே ஒரு இனம். 1768-ல் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்த லாரன்டி என்ற ஆஸ்திரியாக்காரர், இலங்கையின் பெயரைச் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். அந்த ஒரே ஒரு இனத்தில் ஒன்று, எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் பெட்டியில், வயிற்றுக்கு ஒன்றும் இல்லாமல்.

'எடுத்த இடத்திலேயே விடு' என்கிறானே, எடுத்த இடம் எங்கே இருக்கிறது? மூன்று பக்கம் மண் மேடு. நாலாவது பக்கத்துக்குக் காலை ஒன்பது மணிக்கு ஜே.சி.பி. வரப்போகிறது.

அப்போதுதான் நண்பன் சொன்ன பட்டியல் மண்டையில் உறைத்தது. உயரம், காற்று, இலை, விதவிதமான குச்சி, பாதி வெயில் பாதி நிழல், விடியற்காலைப் பனித்துளி, நல்ல சாப்பாடு சாப்பிட்ட பூச்சி. இத்தனையும் அப்பா போட்ட வேலியில் இருந்தது. டியூப் மாற்ற வேண்டாம், கரண்டு பில் கிடையாது. பெண் பச்சோந்தி முட்டையிட மண்ணுக்கு இறங்கி வரும், வேலிக்கடியில் அதற்கும் இடம் இருந்தது. சொத்துப் பட்டியலில் வேலியை நான் எழுதவே இல்லை. பி.காம்., முதல் வகுப்பு!

காலையில் பையன் எனக்கு முன்னாலேயே எழுந்து பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தான். "அப்பா, கறுப்பாவே இருக்குப்பா. வெட்டுக்கிளி அப்படியே இருக்கு. இதுக்கு நம்ம வீடு புடிக்கலப்பா" என்றான். குரல் உடைந்திருந்தது. நான் விளக்கம் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

அண்ணனிடம் போனேன். "பின் பக்கத்து வேலிய விட்டுடலாம்ணா."

"பைத்தியமாடா? செவுரு போட்டா நேரா வரும். வேலின்னா நம்ம எடத்துல மூணடி தின்னுடும்."

"தின்னட்டும்."

"நாளைக்கு விக்கும்போது?"

"என் பாகத்துல கழிச்சுக்க."

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் மூணடி நிலத்துக்காக அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திய கதைகள் உண்டு. மூணடியை விட்டுக்கொடுத்த கதை இதுதான் முதல்.

"எழுதிக் குடுப்பியா?"

"எழுதறதுதான் என் தொழில்."

அண்ணன் சிரித்துவிட்டார். ஒன்பது மணிக்கு வந்த டிரைவரிடம், "இந்தப் பக்கம் வேணாம்ப்பா" என்று அவரே சொன்னார்.

பையன் செம்பருத்திக் கிளையோடு தூக்கிக்கொண்டு போய் நொச்சிச் செடியோடு சேர்த்துப் பிடித்தான். தலைவர் அவசரப்படவில்லை. ஒரு அடி எடுத்து வைப்பார், காற்றில் இலை ஆடுவது மாதிரி முன்னும் பின்னும் ஆடுவார், பிறகு அடுத்த அடி. நாலு அடி நகர்வதற்குள் எனக்குக் கால் வலித்தது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பச்சை ஏறியது. கோவைக்கொடிக்குள் நுழைந்ததும் எது இலை, எது தலைவர் என்று தெரியவில்லை. பையன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். "போயிடுச்சுப்பா" என்றான். அழுதானா என்று நான் பார்க்கவில்லை. நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் வேலி. போகிறவர்கள் எல்லாம் "என்ன, பணம் பத்தலையா?" என்று விசாரிக்கிறார்கள். அண்ணன் பதில் சொல்வதில்லை. ஆனால் போன வாரம் அவரே போன் செய்தார்.

"டேய், காலையில உங்க தலைவரப் பாத்தேன். கொடுக்காப்புளி மேல இருந்தாரு."

"என்ன கலர்ணா?"

"பச்சைதான். கட்சி மாறல."